பதினோரு லட்சம் பேக்கேஜும் ஒரு பால் பண்ணையும்

எங்கள் கம்பெனி பாளையங்கோட்டையில் ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தில் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்கென்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்திவிடுவார்கள். யூ.பி.எஸ். ஒரு மணி நேரம் தம் பிடித்துப் பார்க்கும். பிறகு கீச் கீச் என்று கத்திவிட்டு அதுவும் படுத்துவிடும். அப்புறம் எங்களுக்கு வேலை மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க் நிழலில்.

அன்றைக்கு அங்கே ஐந்து பேர் இருந்தோம். ஃப்ரண்ட் ஆபீஸ் பிரமு அக்கா முறுக்கு டப்பாவைத் திறந்து நடுவில் வைத்திருந்தார். டெஸ்டிங் மெற்றில்டா தூத்துக்குடிக்காரி. எந்த புரோகிராமைக் கொடுத்தாலும் அரை மணி நேரத்தில் நாலு தப்பு கண்டுபிடிப்பாள்; அவள் பாஷையில் தப்புக்குப் பேர் 'பக்'. சப்போர்ட்டில் இருக்கும் காதர் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவர்களோடு நான். கொஞ்சம் தள்ளி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, சிஸ்டம் அட்மின் சொரிமுத்து அண்ணாச்சி.

காதர்தான் ஆரம்பித்து வைத்தான். "லினக்ஸ் மிஷின்ல ஒரு சின்ன பிரிண்டர் புரோகிராம் ஏத்தணும். நேத்து பூராவும் போச்சு. அது வேணுங்கு, இது வேணுங்கு. கடைசில ஒண்ணும் ஏறலை."

அண்ணாச்சி முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினார். "எத்தனை பேக்கேஜ் கேட்டுது?"

"பதிமூணு."

"பதிமூணா!" அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் டேங்க் மேல் இருந்த காக்கா பறந்தது. "பதிமூணு பேக்கேஜுக்கா மூஞ்சி இப்படி கெடக்கு? ஒரே வரி அடிச்சு பதினோரு லட்சத்து நாப்பதாயிரத்து ஆறு பேக்கேஜ் இறக்குனவன் இங்கன உக்காந்திருக்கேன்."

மெற்றில்டா கைப்பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். "அந்த ஆறு எதுக்கு அண்ணாச்சி?"

"நான் எண்ணுனேன்லா. ஆறை முழுங்கிச் சொல்லச் சொல்லுதியா? எனக்குப் பொய் வராதும்மா."

பிரமு அக்காவுக்கு கம்ப்யூட்டரில் விசிட்டர் பெயர் அடிப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. "பேக்கேஜுன்னா என்ன தம்பி? கொரியரா?" என்று என்னிடம் கேட்டார்.

"கிட்டத்தட்ட கொரியர்தான் அக்கா. ஒரு புரோகிராமை டப்பாவுல போட்டு மூடி நெட்டுல எங்கயோ வச்சிருப்பாங்க. நாம கறுப்பு ஸ்கிரீன்ல 'ஆப்ட் இன்ஸ்டால்'னு அடிச்சு டப்பா பேரைச் சொன்னா, போய் எடுத்துட்டு வந்து மாட்டிரும். ஆனா டப்பா தனியா வராது. துணைக்கு இன்னொரு டப்பா வேணும்னு நிக்கும். அந்த டப்பா வேற ரெண்டு பேரைக் கேக்கும்."

"கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டா மச்சான் கொழுந்தியாளோட வந்து எறங்குவாங்களே, அந்த மாதிரி."

"அதேதான். அதுக்குப் பேரு டிபெண்டன்சி."

அண்ணாச்சி காலை நீட்டிச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார். இனிமேல் நிறுத்த முடியாது என்று எங்களுக்குத் தெரியும். நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் ஆசையும் இல்லை.

"இங்க வாரதுக்கு முன்னாடி கங்கைகொண்டான் பக்கம் ஒரு பால் பண்ணையில இருந்தேன். பேரு வேண்டாம். சுத்துப்பட்டு அறுபத்திரண்டு ஊரு பால் அங்கதான் வரும். நாப்பதாயிரம் லிட்டர் டேங்க். அந்தப் பாலைக் குளுரா வச்சிருக்கிற மிஷினை ஒரு லினக்ஸ் பெட்டிதான் ஓட்டுது. ஒரு மே மாசம், காலையில பத்து மணி. வெளிய வெயிலு மண்டையைப் பொளக்குது. எவனோ ஒரு அப்டேட்டைத் தட்டிவிட்டுட்டான். கூலிங் புரோகிராமுக்கு வேண்டிய ஒரே ஒரு துணை டப்பா, லைப்ரரின்னு சொல்லுவோம், காணாமப் போச்சு. மிஷின் நின்னுட்டு. நாலு டிகிரியில கெடந்த பால் அஞ்சு, ஆறுன்னு ஏறுது. ரெண்டு மணி நேரத்துல சரிபண்ணலைன்னா நாப்பதாயிரம் லிட்டரும் திரிஞ்சுரும்."

"இதுவரைக்கும் நம்பலாம்" என்றாள் மெற்றில்டா.

"கேட்டு வாசல்ல கேனோட பொம்பளைங்க நிக்காங்க. ஆவுடைத்தங்கம்னு ஒரு அம்மா. அவங்களுக்கு இருக்கிறது ஒரே மாடு. 'எய்யா, எம் மாடு பத்து நாளா காய்ச்சல்ல கெடந்து இன்னைக்குத்தான் மூணு லிட்டர் கறந்துது, அதைக் கொட்டிராதீய'ன்னு என் கையைப் பிடிச்சுட்டாங்க. நான் சொன்னேன், 'தாயி, உங்க மூணு லிட்டரை நான் காப்பாத்துதேன். மிச்ச முப்பத்தொம்பதாயிரத்து சொச்சம் கூடவே பொழைச்சுக்கிடும்.' சொல்லிட்டு சர்வர் ரூமுக்குள்ள நுழைஞ்சேன். ஒரு வரி அடிச்சேன். எண்டரைத் தட்டுனேன்."

"பாஸ்வேர்டு கேட்டிருக்குமே?" இது மெற்றில்டா.

"மத்தவங்ககிட்ட கேக்கும். எங்கிட்ட கேக்காது. நான்தான் அதுகிட்ட கேப்பேன். 'ஏய், நீ சரியான சர்வர்தானா, பாஸ்வேர்டைச் சொல்லு'ன்னு. அது பயந்து சொல்லும். நான் பாத்துட்டு சரின்னு விடுவேன்."

மெற்றில்டா நோட்டில் எழுதினாள். "பக் நம்பர் ஒண்ணு."

"எழுதிக்கோ. முதல்ல என்ன சொல்லுச்சு? பூட்டை எடுக்க முடியலை, வேற ஒரு புரோகிராம் பூட்டிப் போட்டுட்டு உள்ள வேலை பாக்குன்னு சொல்லுச்சு. காதர், நீ என்ன பண்ணுவே?"

"மிஷினை ரீஸ்டார்ட் பண்ணுவேன் அண்ணாச்சி."

"எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க. நான் பெட்டியோட பின்பக்கம் மூடியைக் கழட்டி உள்ள கையை விட்டேன். தடவுனேன். ஒரு மூலையில சாவியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஒருத்தன் சம்மணம் போட்டு உக்காந்திருக்கான். காதைப் பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டேன். 'ரெண்டே நிமிசம் அண்ணாச்சி, முடிச்சுருவேன்'னு கெஞ்சுதான். 'பால் திரியுதுலே, போலே அந்தப் பக்கம்'னேன். அன்னைக்குப் போனவன், இன்னும் எந்த மிஷின்லயும் வேலைக்குச் சேரலை."

காதர் முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்தான். அவன் முகத்தில் தொங்கல் எல்லாம் போய்விட்டிருந்தது. "பெறகு?"

"பெறகு லிஸ்ட் வந்துது. ஒரு லைப்ரரிக்கு பதினாலு பேர் துணை. பதினாலு பேருக்கு அறுநூறு பேர். அறுநூறு பேருக்கு நாப்பதாயிரம். ஸ்கிரீன்ல எழுத்து மேல ஓடுத வேகத்துல குளுகுளுன்னு காத்து வருது. ரூமுல ஏசி வேலை செய்யலை, இருந்தும் எனக்குத் தலைமுடி எல்லாம் பின்னால பறக்கு. பக்கத்துல ஒருத்தர் நனைஞ்ச கர்ச்சீப்பை ஸ்கிரீன் முன்னால பிடிச்சாரு, அஞ்சு நிமிசத்துல மடிச்சு வைக்கிற பக்குவத்துக்குக் காஞ்சுட்டு."

"இஸ்திரி?" என்று கேட்டார் பிரமு அக்கா.

"இஸ்திரிக்குத் திரும்ப ஒருக்க ஓட்டணும் அக்கா. நேரம் இல்லை."

மெற்றில்டாவுக்கே வாயோரம் துடித்தது. அடக்கிக்கொண்டு எழுதினாள்.

"கடைசில கணக்குச் சொல்லிட்டு, தொடரலாமா வேண்டாமான்னு கேட்டுது. ஆமாங்கதுக்கு 'ஒய்' எழுத்தை அமுக்குனேன். நான் அமுக்குன அமுக்குல கீபோர்டுல இருந்து அந்த ஒரு கீ மட்டும் தெறிச்சு, ஜன்னல் வழியாப் போய், நேஷனல் ஹைவேயைத் தாண்டி, அந்தப் பக்கம் ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி மேல போய் விழுந்துது. டவுன்லோடு ஆரம்பிச்சுட்டு."

"எங்க இருந்து இறக்குனீய? பக்கத்துல எந்த மிரர்ல இருந்து?" என்று மடக்கினாள் மெற்றில்டா. பிரமு அக்காவிடம் திரும்பி, "ஒரே சரக்கை நாலு ஊரு சர்வர்ல காப்பி போட்டு வச்சிருப்பாங்க அக்கா, கிட்ட இருக்கிறதுல இருந்து எடுக்கதுக்கு. அதுதான் மிரர்" என்றாள்.

"ஜப்பான்ல இருந்து" என்றார் அண்ணாச்சி.

"இந்தியாவுலயே எத்தனை மிரர் இருக்கு? எதுக்கு ஜப்பான்?"

"இந்தியாவுல இருந்தது எல்லாத்தையும் முதல் பத்து நிமிசத்துல இறக்கித் தீத்துட்டேன்மா. சிங்கப்பூர் பதினோராவது நிமிசம் தீந்துட்டு. ஜப்பான்காரன் பாவம், நல்லவன், குடுத்துக்கிட்டே இருந்தான். நடுவுல ஒரு மெசேஜ் போட்டான், 'ஐயா, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க'ன்னு."

"தமிழ்லயா?"

"ஜப்பான் பாசையில. நான் அதுக்கும் ஒரு பேக்கேஜ் இறக்கித்தான படிச்சேன்."

காதர் கைதட்டினான். மெற்றில்டா பேனாவால் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

"வர்ற வேகத்துக்கு கேபிள் தாங்கலை. ஆட்டை முழுங்குன மலைப்பாம்பு கணக்கா அங்கங்க பொடைச்சுக்கிட்டு நெளியுது. மதுரையில இருந்து திருநெல்வேலி வரைக்கும் ஒருத்தனுக்கும் நெட்டு இல்லை. போன்ல சினிமா பாத்துக்கிட்டிருந்தவனுக்கெல்லாம் படம் நின்னுட்டு. கோவில்பட்டியில ஒருத்தர் போன்ல, ஹீரோ வில்லனை மிதிக்கதுக்குக் காலைத் தூக்குனவர் நாப்பது நிமிசம் தூக்குன காலோட நிக்காரு. நான் டவுன்லோடை முடிச்சதும்தான் காலை எறக்குனாரு. அதுக்குள்ள வில்லன் போய் சாப்பிட்டுட்டு வந்துட்டான்."

பிரமு அக்கா சிரித்த சிரிப்பில் முறுக்கு புரையேறிவிட்டது. நான் முதுகில் தட்டிக்கொடுத்தேன். அண்ணாச்சி பெருந்தன்மையாகக் காத்திருந்து, அக்கா கண்ணைத் துடைத்ததும் தொடர்ந்தார்.

"இறக்கியாச்சு. வைக்க இடம்? டிஸ்க் நெறைஞ்சுட்டு. சர்வர் பெட்டி நாலு பக்கமும் பலாப்பழம் மாதிரி உப்பிட்டு. கயித்தைப் போட்டுக் கட்டுனேன். இன்னும் மூணு லட்சம் பேக்கேஜ் வாசல்ல நிக்கு. பண்ணையில சிப்பு இருக்கிற சாமான் எதெதுன்னு பாத்தேன். எடை மிஷினுக்குள்ள கொஞ்சம் தள்ளுனேன். கால்குலேட்டருக்குள்ள கொஞ்சம். மேனேஜர் கைக்கடிகாரத்துக்குள்ள ஒரு ஆயிரம். அப்பவும் பத்தலை. வெளிய எட்டிப் பாத்தேன். தொழுவத்துல முந்நூறு மாடு நிக்கு. ஒவ்வொண்ணு காதுலயும் மஞ்சளா ஒரு டேக்."

"அது பிளாஸ்டிக்கு அண்ணாச்சி! நம்பர் மட்டும்தான் எழுதியிருக்கும்!" மெற்றில்டா கிட்டத்தட்ட எழுந்தேவிட்டாள்.

"எங்க பண்ணையில சிப்பு வச்சது. ஒரு மாட்டுக்கு ஆயிரம் பேக்கேஜ் வீதம் ஏத்துனேன். மாடு ஒண்ணும் கஷ்டப்படலை. கொஞ்சம் யோசனையா நின்னுச்சு, அவ்வளவுதான். ஆடியோ பேக்கேஜ் ஏறுன மாடு ஒண்ணு கத்துச்சு பாரு, ஸ்டீரியோவுல கத்துது. வலது பக்கம் 'ம்' கேக்கும், இடது பக்கம் 'மா' கேக்கும். நடுவுல நின்னாத்தான் முழுசாக் கேக்கும்."

இந்த இடத்தில் மெற்றில்டா தோற்றாள். நோட்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். மூடின நோட்டுக்குப் பின்னாலிருந்து "பக் நம்பர் ஒம்பது" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

"சிரிக்காதம்மா. பால் அப்ப பதிமூணு டிகிரி. சிரிக்கிற நேரமா? இன்னும் பத்து நிமிசம்தான் இருக்கு. எல்லாத்தையும் மாட்டியாச்சு, கடைசில ரெண்டே ரெண்டு பாக்கி. முதலாவது சொல்லுது, ரெண்டாவது ஏறுனாத்தான் நான் ஏறுவேன். ரெண்டாவது சொல்லுது, அவன் ஏறட்டும், பெறகு நான். ரெண்டும் பஸ் படிக்கட்டுல நின்னுக்கிட்டு 'நீங்க ஏறுங்க', 'இல்லை நீங்க ஏறுங்க'ன்னு மரியாதை பண்ணிக்கிட்டிருக்கு. பின்னால அறுபத்திரண்டு ஊரு பால் காத்துக் கெடக்கு. வாசல்ல அந்த ஆவுடைத்தங்கம் அம்மா கேனைக் கீழ வைக்காம நிக்காங்க."

"பெரிய பெரிய ஆளுங்களே இங்கதான் மாட்டிக்கிடுவாங்க" என்றான் காதர், உண்மையான கவலையோடு.

"ரெண்டையும் கண்ணை மூடுங்கலேன்னேன். மூடுச்சு. இதுகிட்ட, 'அவன் ஏறிட்டான்'னேன். அதுகிட்டயும், 'அவன் ஏறிட்டான்'னேன். எண்டரைத் தட்டுனேன். ரெண்டும் ஒரே நேரத்துல உள்ள குதிச்சுட்டு. இன்னைய வரைக்கும் அதுல ஒவ்வொண்ணும் தான்தான் ரெண்டாவதா ஏறுனதா நெனச்சுக்கிட்டிருக்கு. யாரும் போய்ச் சொல்லிராதீய."

அண்ணாச்சி எங்கள் முகங்களைப் பார்த்தார். டேங்க் நிழல் நகர்ந்து பாதிப் பேர் வெயிலில் இருந்தோம். ஒருவரும் இடம் மாறவில்லை.

"மிஷின் ஓட ஆரம்பிச்சுட்டு. பதிமூணு, பத்து, ஆறு, நாலு. எல்லாரும் கை தட்டுதாங்க. ஆனா நிக்கலை. ஏத்துனது எல்லாம் புதுசு புதுசான வெர்சன்லா? ரெண்டு, சைபர், மைனஸ் பத்து. பண்ணைச் சுவருல பனி பிடிச்சுட்டு. மே மாசம் நடு வெயிலு, வாசல்ல பஸ் நின்னா கண்டக்டர் சால்வை போத்திக்கிட்டு விசிலு ஊதுதாரு. ஊதுன சத்தம் உறைஞ்சு கீழ விழுது. பொறுக்கி உள்ளங்கையில வச்சுச் சூடு பண்ணுனாத்தான் 'பீ'ன்னு கேக்கும். பக்கத்துல மான் பூங்கா இருக்குலா? அங்க மானெல்லாம் நடுங்குன நடுக்கத்துல புள்ளி உதிர்ந்துட்டு. வாட்ச்மேன் பெருக்கி ஒரு சாக்கு எடுத்தாரு."

"பாலு?" என்று கேட்டார் பிரமு அக்கா. அவருக்கு அதுதான் முக்கியம்.

"நாப்பதாயிரம் லிட்டரும் ஒரே ஐஸ்கிரீம் அக்கா. நடுவுல முந்திரி வேற."

"முந்திரி எப்படி வந்துது?"

"எந்த பேக்கேஜ் கூடயோ வந்துட்டு. நான் பாக்கலை, வேகம். ஆவுடைத்தங்கம் அம்மாவுக்கு முதல் கரண்டி நாந்தான் குடுத்தேன். அவங்க மாட்டுப் பால் எந்த இடத்துல இருக்குன்னு பாத்து, அதுல இருந்து எடுத்துக் குடுத்தேன்."

நோட்டுக்குப் பின்னாலிருந்து மெற்றில்டா வெளியே வந்தாள். கண் எல்லாம் ஈரம். "சரி அண்ணாச்சி, பதினோரு லட்சம் டப்பாவையும் என்ன செஞ்சீய? அப்படியேவா விட்டீய?"

"அங்கதான் கதையே. குளிரைக் குறைக்கணும், வேண்டாததைத் தூக்கணும். அதுக்கு ஒரு கட்டளை இருக்கு, 'ஆட்டோ ரிமூவ்'. அடிச்சா, ஒவ்வொண்ணாப் போய்ப் பாக்கும். இதை நம்பி வேற யாராவது இருக்காங்களா? இருந்தா விட்டுரும். இல்லையா, தூக்கிரும். தாட்சண்யமே கெடையாது."

"தெரியும் அண்ணாச்சி" என்றாள் மெற்றில்டா. "தெனம் அடிக்கேன்."

"நீ அடிக்கிறது சின்னக் கையி. நான் அடிச்சது பெரிய கையி. முதல்ல லைப்ரரி எல்லாம் போச்சு. மாட்டுக் காதெல்லாம் காலி. அதோட நிக்கும்னு பாத்தேன், நிக்கலை. சர்வரை விட்டு வெளிய வந்துட்டு. ரிசப்சன்ல ஆலோசனைப் பெட்டின்னு ஒண்ணு தொங்கும், பன்னெண்டு வருசமா ஒருத்தரும் ஒரு சீட்டு போட்டதில்லை. பொசுக்குன்னு காணோம். மாடியில மீட்டிங் ஹால் இருந்துது. மாடியோட காணோம். எல்லாரும் குட் மார்னிங் அனுப்புத வாட்ஸாப் குரூப் காணோம். பெறகு ஜெனரல் மேனேஜர்."

"எந்த ஜெனரல் மேனேஜர்?"

"எங்க ஜெனரல் மேனேஜர்! மைக்கைப் பிடிச்சு, 'இந்த வெற்றி எனது தலைமையில்'னு பேச ஆரம்பிச்சாரு. 'தலைமையில்'னு சொல்லும்போது ஆளைக் காணோம். மைக்கு அந்தரத்துல ஒரு நிமிசம் நின்னுட்டு கீழ விழுந்துது. அதைவிடக் கொடுமை என்னன்னா, மூணு நாளா ஒருத்தரும் தேடலை. பண்ணை வழக்கத்தைவிட நல்லா ஓடிச்சு. நாலாவது நாள் அவங்க வீட்டம்மா போன் போட்டாங்க, 'என்னங்க, இவரை அங்க எங்கயாவது பாத்தீங்களா'ன்னு. மனசு கேக்கலை. 'ஆப்ட் இன்ஸ்டால் ஜெனரல் மேனேஜர்'னு அடிச்சேன்."

"வந்தாரா?" காதருக்கு மூச்சே நின்றுவிட்டது.

"வந்தாரு. ஆனா புது வெர்சன் கெடைக்கலை. ஆதியில ஸ்டேபிளா ஒரு வெர்சன் விட்டாங்க பாரு, அதுதான் இருந்துது. இருபத்தி நாலு வயசு. தலை நெறைய முடி, கிருதா, பெல்பாட்டம். கையில இன்டர்வியூக்கு வந்த பைல். என்னைப் பாத்து எந்திரிச்சு நின்னு, 'சார், எனக்கு இங்க ஏதாவது வேலை கெடைக்குமா'ன்னு கேக்காரு. நான் பதறிப்போய் அவங்க வீட்டுக்குப் போன் போட்டேன். 'அம்மா, பழைய வெர்சன் வந்துட்டு, மன்னிச்சுக்கோங்க, சாயங்காலத்துக்குள்ள அப்டேட் பண்ணிக் குடுக்கேன்'னேன். அந்தம்மா நேர்ல வந்து ஒரு தடவை சுத்தி வந்து பாத்தாங்க. 'அப்டேட் எல்லாம் வேண்டாம், இப்படியே இருக்கட்டும்'னு சொல்லிக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

மாடியே அதிர்ந்தது. காதர் தரையில் படுத்துவிட்டான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிரமு அக்கா, "எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு அடிச்சுப் பாரேன் தம்பி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல், சாட்சி சொல்லி முடித்த ஆள் போல, கையிலிருந்த முறுக்குத் தூளைத் தட்டிவிட்டார்.

சிரிப்பு அடங்கினதும் மெற்றில்டா நோட்டை மூடினாள். "அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். யாருக்கும் வேண்டாததை எல்லாம் தூக்கிரும்னு சொன்னீயள்லா?"

"ஒண்ணு விடாம."

"லைப்ரரியைத் தூக்குச்சு. மீட்டிங் ஹாலைத் தூக்குச்சு. ஜெனரல் மேனேஜரையே தூக்கிட்டு."

"தூக்கிட்டு."

"அந்த நேரம் நீங்க எங்க இருந்தீய?"

"எங்க இருப்பேன்? அங்கனதான், கீபோர்டு முன்னால."

"அப்ப உங்களை எப்படி விட்டுது?"

அண்ணாச்சி வெறும் கையை, முறுக்கு இருப்பதுபோல வாய்க்குக் கொண்டுபோனார்.

பிரமு அக்காவுக்குத்தான் பாவமாக இருந்தது. முறுக்கு டப்பாவை அண்ணாச்சி பக்கம் நகர்த்திவைத்து, மெற்றில்டாவை அதட்டினார்.

"விடு பிள்ளை. அதுவும் மிஷின்தான. ஒண்ணு ரெண்டு விட்டுப் போகத்தான் செய்யும்."